உடம்பே சுக்கான்

என் ட்ரைக்கின், அதாவது துணி இறக்கைக்குக் கீழே மூன்று சக்கர வண்டி தொங்கும் குட்டி விமானத்தின், எடைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விமானத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பெட்ரோலும் பாராசூட்டும் நீங்கலாக, மொத்தம் 115 கிலோவுக்குள். அதில் தலைக்கு மேலே இருக்கும் இறக்கை 40 கிலோவை ஒட்டி வரும். மீதி 75 கிலோ, இறக்கைக்குக் கீழே தொங்கும் வண்டி: மூன்று சக்கரம், ஓர் இருக்கை, சில அலுமினியக் குழாய்கள், முதுகுக்குப் பின்னால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ப்ரொப்பெல்லர். ஹெல்மெட், பூட்ஸ், கனத்த ஜாக்கெட்டோடு அதில் ஏறி உட்காரும் நான் 80 கிலோ. ஆக, தொங்குகிற எடையில் பாதிக்கு மேல் நான்தான்.

இந்த விமானத்துக்கு வால் கிடையாது. சுக்கான் கிடையாது. பெரிய விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகைகள் தெரியுமே, அவையும் கிடையாது. திரும்ப வேண்டும், வேகம் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்றால் இருக்கும் வழி ஒன்றுதான். தொங்கும் எடையை இறக்கைக்குக் கீழே இடம் மாற்ற வேண்டும். அந்த எடையில் பெரும்பங்கு என் உடம்பு என்பதால், இந்த விமானத்தில் சுக்கான் வேலையைச் செய்வது என் உடம்பு.

இரண்டு பேர் உட்காரும் ட்ரைக்குகளும் உண்டு. நான் கற்றுக்கொண்டதே அப்படி ஒன்றில்தான். நான்கு ஸ்ட்ரோக் ரோடாக்ஸ் 912 எஞ்சின், காலி எடையே 200 கிலோவைத் தாண்டும். அதிலும் எடையை நகர்த்தித்தான் ஓட்டுகிறோம், ஆனால் அங்கே நகர்வது பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும் முன்னால் இருப்பவரும். ஒற்றை இருக்கை ட்ரைக்கில் அப்படியில்லை. ஒரு பெரிய மூச்சு விட்டு இடுப்பைச் சரிசெய்து உட்கார்ந்தாலே இறக்கைக்குத் தெரிந்துவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. பறப்பவர்களிலேயே பலர் இதைப் பாதிதான் சொல்வார்கள்.

இறக்கையின் எலும்புக்கூட்டில் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு குழாய், கீல். மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் முன்விளிம்புக் குழாய்கள். அவை இரண்டையும் விரித்துப் பிடிக்கும் குறுக்குக் குழாய். இவற்றின் மேல் இழுத்துப் போர்த்திய பாய், டேக்ரான் என்ற செயற்கைத் துணியில் தைத்தது. கீலில் ஓரிடத்தில் ஒரு போல்ட். வண்டியின் கம்பம் அதில்தான் தொங்குகிறது. கீலுக்குக் கீழே முக்கோணமாக ஒரு சட்டம், இறக்கையோடு கம்பிகளால் இறுக்கிக் கட்டியது. அந்த முக்கோணத்தின் அடிக்கம்பி என் நெஞ்சுக்கு நேரே வரும். கைக்கு அகப்படும் கட்டுப்பாடு அது மட்டும்தான்.

வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு எதிரே இருக்கும் தூணைக் கையால் தள்ளிப்பாருங்கள். தூண் நகராது, நாம்தான் பின்னால் போவோம். ட்ரைக்கில் இறக்கைதான் தூண். கம்பியை முன்னால் தள்ளினால் நானும் வண்டியும் பின்னால் போகிறோம். எடை பின்னுக்குப் போனதால் மூக்கு உயர்கிறது, வேகம் குறைகிறது. கம்பியை நெஞ்சுக்கு இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். கம்பியை வலப்பக்கம் தள்ளினால் உடம்பு இடப்பக்கம் போகும், விமானம் இடப்பக்கம் திரும்பும். சாதாரண விமானம் ஓட்டிப் பழகியவருக்கு இது அத்தனையும் தலைகீழ். அவர் பிடிக்கும் கோலை முன்னால் தள்ளினால் மூக்கு தாழும், இங்கே உயரும். நல்ல அனுபவமுள்ள விமானிகள் ட்ரைக்குக்கு வரும்போது பயிற்சியாளர்கள் கூடுதல் கவனமாக இருப்பது இதனால்தான். நிதானமாக இருக்கும்வரை மூளை சரியாகச் சொல்லும். தரைக்குப் பக்கத்தில் ஒரு காற்று தூக்கிப் போட்டால் பழைய கைப்பழக்கம் முந்திக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பாதி. மீதிப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. எண்பது கிலோ ஆள் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்ததால் மட்டும் பத்து மீட்டர் அகல இறக்கை சாய்ந்துவிடாது. அது சாய்வதற்குப் பாயே உதவி செய்கிறது. குறுக்குக் குழாய் கீலோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்காது, கொஞ்சம் மிதக்கும். நான் இடப்பக்கம் போனதும் என் எடை கீலையும் இடப்பக்கமாக இழுக்கிறது. அதனால் இடது பக்கப் பாய் தளர்கிறது, வலது பக்கப் பாய் இறுகுகிறது. தளர்ந்த பக்கம் காற்றுக்கு வளைந்துகொடுத்துத் தூக்கும் விசையை இழக்கிறது, இறுகிய பக்கம் அதிகம் தூக்குகிறது. இறக்கை முழுவதுமாகத் தன்னை முறுக்கிக்கொண்டு சாய்கிறது. நான் கேட்கிறேன், பாய் செய்கிறது. மிதக்கும் குறுக்குக் குழாய் வருவதற்கு முந்தைய ஹேங் கிளைடர்களை, எஞ்சினும் வண்டியும் இல்லாமல் ஆள் மட்டும் தொங்கிப் பறக்கும் இறக்கைகளை, திருப்ப எவ்வளவு தோள்வலு வேண்டியிருந்தது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் இருப்பது வட வர்ஜீனியாவில். இங்கிருந்து ஐந்தாறு மணி நேரம் காரோட்டினால் வட கரோலினாவின் கடற்கரை மணல்திட்டுகள். விமானம் பிடித்த எவரும் ஒருமுறையாவது போய்விட்டு வருகிற இடம், ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்த கில் டெவில் ஹில்ஸ் அங்கேதான் இருக்கிறது. நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, நாக்ஸ் ஹெட்டில் ஜாக்கீஸ் ரிட்ஜ் என்று ஒரு பெரிய மணல்மேடு. ட்ரைக் ஓட்டுபவனுக்கு அதுதான் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

1890-களில் ஓட்டோ லிலியன்தால் பெர்லினைச் சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து பறந்தார். வில்லோ மரக்குச்சிகளும் பருத்தித் துணியும் கொண்ட கிளைடர், எடை சுமார் 20 கிலோ. அவரும் உடம்பை நகர்த்தித்தான் ஓட்டினார். சுமார் 2,000 முறை பறந்திருக்கிறார். ஆனால் அவர் தொங்கிய விதம் வேறு. கைகள் இரண்டும் சட்டத்தில் பூட்டியதுபோல் இருக்கும், நெஞ்சும் அங்கேயே நிற்கும், வீசி ஆட்ட முடிந்தது இடுப்புக்குக் கீழே கால்களை மட்டும்தான். 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் ஊர் அருகே ஒரு காற்று மூக்கைத் தூக்கியது. கால்களை முன்னால் வீசியும் மூக்கு இறங்கவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார்.

அந்தச் சாவுச் செய்திதான் ஒஹாயோவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களைப் பறப்பதைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வைத்தது. அவர்கள் வந்த முடிவு தெளிவானது: உடம்பை நகர்த்தி விமானத்தை அடக்க முடியாது, இறக்கையையே முறுக்க வேண்டும். கயிறும் கப்பியும் வைத்து இறக்கை நுனிகளை முறுக்கினார்கள். அந்த வழியில்தான் இன்றைய விமானங்களில் பெரும்பாலானவை வந்தன. அவர்கள் சொன்னது அன்றைக்கு முற்றிலும் சரி. உடம்பு என்ற கருவி அப்போது தோற்றுத்தான் போயிருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, வர்ஜீனியாவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ரொகாலோ, வேலை நேரம் போக வீட்டில் மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து ஒரு விசித்திரமான காரியம் செய்துகொண்டிருந்தார். விறைப்பான சட்டம் எதுவுமே இல்லாத, துணி மட்டுமே ஆன இறக்கை பறக்குமா என்று பார்த்தார்கள். ஒரு பெரிய மின்விசிறியை வைத்து வீட்டிலேயே காற்றுச் சுரங்கம் செய்தார்கள். சமையலறைத் திரைத்துணியை கெர்ட்ரூட் வெட்டித் தைத்தார். 1948-இல் இருவர் பெயரிலும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1951-இல் கிடைத்தது. ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்புட்னிக் போன பிறகுதான் விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தை மடித்து வைத்த துணி இறக்கையால் தரையில் இறக்கலாமே என்று நாசாவுக்குத் தோன்றியது. ஜெமினி என்ற விண்கலங்களை அப்படி இறக்கத் திட்டமிட்டு, சரியாக வராமல் 1964-இல் கைவிட்டு, வட்டப் பாராசூட்டில் கடலில் இறக்குவதற்கே போனார்கள்.

அந்தத் திட்டத்தின் மிச்சம் ஒன்று என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஷான்டிலியில் உள்ள உட்வார்-ஹேஸி விமான அருங்காட்சியகத்தில் பாரசெவ் என்று ஒரு வண்டி இருக்கிறது. கான்கார்டும் டிஸ்கவரி விண்வெளி ஓடமும் இருக்கும் இடத்தில் இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. குழாய்களைப் பற்றவைத்த சட்டம், மூன்று சக்கரம், திறந்த இருக்கை, மேலே சாய்க்கக்கூடிய துணி இறக்கை. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் ஏழே வாரத்தில், 4,280 டாலரில் செய்தது. 1962-இல் இதைக் காரில் கட்டி இழுத்து, பிறகு விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டார்கள். ஓட்டியவர்களில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். எஞ்சின் ஒன்றைத் தவிர, இன்றைய ஒற்றை இருக்கை ட்ரைக்கில் இருப்பது ஏறக்குறைய எல்லாம் அதில் இருக்கிறது. நண்பர்கள் ஊரிலிருந்து வந்தால் அங்கே கூட்டிப்போய், விண்வெளி ஓடத்தைக் காட்டிய கையோடு இதன் முன்னால் நிறுத்திவிடுவேன்.

ஆனாலும் பாரசெவ்வில் ஒன்று குறைந்தது. உடம்பையும் இறக்கையையும் எளிதாக இணைக்கும் அந்த முக்கோணச் சட்டம். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கிராஃப்டன் என்ற ஆற்றங்கரை ஊரில் ஜான் டிக்கென்சன், ஊர்த் திருவிழாவின் நீர்ச்சறுக்குக் காட்சிக்காக ரொகாலோ இறக்கையின் படத்தைப் பார்த்து ஒன்று செய்தார். 1963-இல் படகில் கட்டி இழுத்துப் பறந்தது. அதில் ஆள் கீலில் ஒரே புள்ளியில் முழு உடம்போடு தொங்கினார், கையில் இறக்கையோடு கட்டிய முக்கோணச் சட்டம். லிலியன்தாலிடம் இல்லாதது இதுதான். அவரால் கால்களை மட்டுமே ஆட்ட முடிந்தது, இங்கே ஆள் முழுவதும் ஊசலாகிவிட்டார். அதே 80 கிலோவுக்கு இப்போது பல மடங்கு அதிகாரம். அமெரிக்காவில் பாரி பாமர் 1961-லேயே ரொகாலோ இறக்கையில் குன்றிலிருந்து ஓடிப் பறந்திருந்தார், 1967-இல் எஞ்சின் வைத்த ட்ரைக்கும் செய்தார். எழுபதுகளின் கடைசியில் ஃபிரான்சிலும் பிரிட்டனிலும் ட்ரைக் இன்றைய உருவத்துக்கு வந்து கடைக்கும் வந்துவிட்டது.

ரொகாலோ ஓய்வுபெற்ற பிறகு அந்த வட கரோலினாக் கடற்கரையிலேயே குடியேறினார். ஜாக்கீஸ் ரிட்ஜ் மணல்மேட்டில் தன் இறக்கையில் தானே பறந்தார். 97 வயதில், 2009-இல் காலமானார். உடம்பால் முடியாது என்று ரைட் சகோதரர்கள் முடிவுகட்டி வேறு வழி கண்ட அதே மணலில், உடம்பால் ஓட்டும் இறக்கை திரும்பி வந்து நின்றது. இன்றும் அந்த மேட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹேங் கிளைடர் கற்றுக்கொடுக்கிறார்கள். ரைட் நினைவிடத்துக்குப் போகிற எல்லோரும் இங்கேயும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த மாதிரி விமானத்துக்குப் பகுதி 103 என்று ஒரு விதி, 1982-இல் வந்தது. அச்சில் ஓரிரு பக்கங்களுக்கு மேல் வராது. ஒரே ஆள் உட்கார வேண்டும். விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும். காலி எடை 254 பவுண்டுக்கு, அதாவது 115 கிலோவுக்குக் கீழே. பெட்ரோல் 5 கேலனுக்கு, சுமார் 19 லிட்டருக்கு மேல் கூடாது. நேர்ப்பறத்தலில் உச்ச வேகம் 55 நாட், மணிக்கு 102 கிலோமீட்டர். எஞ்சின் இல்லாமல் 24 நாட், அதாவது மணிக்கு 44 கிலோமீட்டர், வரை வேகம் குறைந்தாலும் விழாமல் மிதக்க வேண்டும். இவ்வளவுக்குள் இருந்தால் பதிவு எண் வேண்டாம், தகுதிச் சான்று வேண்டாம், விமானிக்கு உரிமமும் வேண்டாம். பகலில் மட்டும் பறக்கலாம், ஊர்களுக்கும் கூட்டத்துக்கும் மேலே பறக்கக் கூடாது, மற்ற எல்லா விமானங்களுக்கும் வழிவிட வேண்டும். வாஷிங்டனைச் சுற்றி 30 கடல் மைலுக்குச் சிறப்பு வான்பகுதி என்பதால் என் வீட்டுப் பக்கம் பறக்க வழியே இல்லை. ப்ளூ ரிட்ஜ் மலையைத் தாண்டி ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் ஒரு புல்தரை ஓடுபாதைக்கு விடியுமுன் கிளம்பிப் போக வேண்டும்.

உரிமமே வேண்டாம் என்றால் நம்மவர்கள் முகம் மாறிவிடும். "இதெல்லாம் ஒரு சட்டமாண்ணே? யார் வேணும்னாலும் ஏறிப் பறக்கலாமா?" என்று ஹெர்ன்டனில் ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பதில் அந்த 'ஒரே ஆள்' என்ற வார்த்தையில் இருக்கிறது என்றேன். விதியின் தர்க்கம் முழுக்க அதன்மேல் நிற்கிறது. இன்னொருவர் என்னை நம்பி ஏறப் போவதில்லை, கீழே ஊர் இல்லை, 115 கிலோ துணியும் குழாயும் விழுந்தாலும் யார் வீட்டையும் இடிக்கப் போவதில்லை. ஆபத்து யாருடையதோ அவர் கையிலேயே முடிவையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது இருக்கை வந்த கணமே உரிமம், பதிவு, ஆய்வு எல்லாம் வந்துவிடும். 2004-இல் வந்த ஸ்போர்ட் பைலட் விதிகள் அதற்குத்தான்.

பிரிட்டனில் வேறு மாதிரி. 2014-லிருந்து 300 கிலோ வரையிலான ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுகளுக்கு, அங்கே இந்த மாதிரி இலகு விமானங்களுக்கு அதுதான் பெயர், தகுதிச் சான்றுத் தொல்லையை எடுத்துவிட்டார்கள், ஆனால் விமானிக்கு உரிமம் கட்டாயம். இயந்திரத்தை விடுவித்து ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். நார்தாம்ப்டன்ஷயரின் சைவெல் விமானத்தளத்தில் ஃப்ளைலைட் நிறுவனம் செய்யும் டிராகன்ஃப்ளை, கீவ் நகர ஏரோஸ் நிறுவனத்தின் இறக்கைகள், ஃப்ளோரிடாவின் ஜெஃபிர்ஹில்ஸில் செய்யும் ரெவ் எல்லாம் இந்தச் சுதந்திரங்களால் வளர்ந்தவை. எனக்கு அமெரிக்க விதியே பிடிக்கும். ஆனால் கற்றுக்கொள்ளாமல் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டாக அதைப் படிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒற்றை இருக்கை என்றால் முதல் பறப்பே தனிப் பறப்பு. பக்கத்தில் கை நீட்ட ஆள் கிடையாது. அதனால் இரட்டை இருக்கையில், உரிமம் பெற்ற பயிற்சியாளரோடு கற்று முடித்த பிறகே இதில் ஏற வேண்டும்.

விருதுநகரில் இருக்கும் அம்மாவுக்கும் இதே கவலை, வேறு கோணத்தில். "ஏன்ப்பா, துணைக்கு ஒரு ஆளு உக்கார முடியாதா அதுல?" துணைக்கு ஆள் ஏறினால் அது இந்த விமானமே இல்லை என்பதை போனில் எப்படி விளக்குவது? "காலையில காத்து இல்லாத நேரத்துலதான்மா போறேன்" என்றேன். அது உண்மையும்கூட.

இரட்டை இருக்கையிலிருந்து ஒற்றைக்கு மாறிய அன்று எனக்குப் புரிந்தது கனத்தின் வேறுபாடு. கனமான ட்ரைக் சின்னக் காற்றுகளை விழுங்கிவிடும். இது விழுங்காது, ஒவ்வொன்றையும் கம்பி வழியாக உள்ளங்கைக்கு அனுப்பும். உழுத வயலைத் தாண்டி மக்காச்சோள வயலுக்கு மேல் போகும்போது கம்பியில் மாற்றம் தெரியும். வெயிலில் காய்ந்த மண்ணுக்கு மேல் காற்று ஏறுகிறது, பயிருக்கு மேல் தணிகிறது. கம்பியை இறுக்கிப் பிடித்தால் இதெல்லாம் தோள்வலியாகத்தான் வரும். விரல்களால் தொட்டுக்கொண்டு இருந்தால் இறக்கை தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குக் கொடுக்கும் விசை, கூட்டினால் வேகம் கூடாது, உயரம்தான் கூடும். குறைத்தால் இறங்கும். வேகத்தைத் தீர்மானிப்பது கீலில் தொங்கும் போல்ட் இருக்கும் இடம். அதைக் கொஞ்சம் முன்னால் மாற்றிப் பூட்டினால் கை வைக்காமலே வேகமாகப் பறக்கும்.

தரையில் முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும், அதுவும் எதிர்ப்பக்கம்: வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம் போகும். வலக்காலில் த்ராட்டிலும் உண்டு, இடக்காலில் பிரேக். ஓடுபாதையில் வேகம் கூடக்கூட இறக்கை வண்டியின் எடையைத் தானே தாங்கத் தொடங்கும், சக்கரங்களின் அதிர்வு குறைந்துகொண்டே வந்து நின்றுபோகும். ஐம்பது அறுபது மீட்டருக்குள் தரை விட்டுவிடும். இறங்குவதில்தான் உடம்பு எவ்வளவு கற்றிருக்கிறது என்று தெரியும். கம்பியை உள்ளே இழுத்து வேகம் வைத்துக்கொண்டு வர வேண்டும், தரைக்கு மேல் ஓராள் உயரத்தில் மெல்ல வெளியே விட வேண்டும். பக்கக் காற்றில் மற்ற விமானம்போல் இறக்கையைத் தாழ்த்திச் சறுக்கி இறக்க இதற்குச் சுக்கான் இல்லை. கோணலாகவே வந்து பின்சக்கரங்கள் தொட்டதும் வண்டி தானே நேராகிவிடும். முதலில் பயமாக இருக்கும், பிறகு அதையே நம்பலாம்.

இனி ஆபத்து. ட்ரைக் எதைப் பொறுத்துக்கொள்ளும், எதைப் பொறுத்துக்கொள்ளாது என்பது கூர்மையான கோடு. ஊசல் என்றாலே எடை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இழுப்பு நின்றுபோனால், ஆள் இருக்கையிலிருந்து மிதக்கிற நிலை வந்தால், கம்பியைத் தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் அர்த்தமே இல்லை. மூக்கை மிகச் செங்குத்தாகத் தூக்கி வேகம் முழுவதும் இழந்து விழுந்தால் இறக்கை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கலாம். அதிலிருந்து மீள வழி இல்லை. அதனால் இந்த இறக்கைகளில் செங்குத்துச் சாகசங்கள் முற்றிலும் தடை. எழுபதுகளில் ஹேங் கிளைடர்களில் பாய் தளர்ந்து அடித்துக்கொண்டு தலைகுப்புறப் பாய்ந்து பலர் இறந்தார்கள். அந்தச் சாவுகளிலிருந்துதான் இன்றைய இறக்கையின் வடிவம் வந்தது. பாயின் பின்விளிம்பை மேலே பிடித்து வைக்கும் மெல்லிய கம்பிகள், இறக்கை நுனி ஓரளவுக்குமேல் இறங்காமல் தடுக்கும் குச்சிகள், இறக்கையை லாரியின் மேல் பொருத்தி ஓட்டி அது தானே மூக்கைத் தூக்குகிறதா என்று அளக்கும் சோதனைகள். என் இறக்கையில் அந்த மெல்லிய கம்பிகளைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஒருநாளும் ஏறியதில்லை.

பாராசூட்டும் அந்தக் காலத்தின் பிள்ளைதான். 1975-இல் மின்னசோட்டாவில் போரிஸ் போப்போவ் என்பவர் ஹேங் கிளைடர் உடைந்து ஏரியில் விழுந்து பிழைத்தார். விழும்போது செய்வதற்கு எதுவுமே இல்லாமல் இருந்ததுதான் அவரைத் துரத்தியது. 1980-இல் பாலிஸ்டிக் ரிகவரி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட்டைக் கொண்டுவந்தார். இன்று சிர்ரஸ் என்ற சிறிய விமானங்களில் இருப்பது அதன் வழிவந்ததுதான். பகுதி 103 எடைக் கணக்கில் பாராசூட்டைச் சேர்க்க வேண்டாம் என்று வைத்திருப்பது நல்ல காரியம். எடைக்குப் பயந்து யாரும் அதைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

எஞ்சின் நின்றுபோவது அந்த வகை ஆபத்து இல்லை. டூ-ஸ்ட்ரோக் நிற்கும் என்றே எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மிதந்து வரலாம், இறங்க ஒரு நல்ல புல்வெளி போதும். ஆகவே எப்போதும் எட்டக்கூடிய வயல் ஒன்றைக் கண்ணில் வைத்திருப்பேன். காடு நீண்டுகிடக்கும் மலைச்சரிவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை. மேற்குக் காற்று அடிக்கும் நாளில் மலைக்குக் கிழக்கே காற்று சுருண்டு கீழே இறங்கும், அன்றைக்கு வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கவே மாட்டேன்.

இவ்வளவு மெதுவாகப் பறக்கும் இயந்திரத்துக்கு வேலை ஒன்று இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1941-இல் வட அமெரிக்காவின் பெருங்கொக்கான வூப்பிங் கிரேன் காட்டில் இருபது சொச்சமாகக் குறைந்துபோயிருந்தது. கூண்டில் பொரித்த குஞ்சுகளுக்கு வலசைப் பாதை தெரியாது, காட்டித்தரப் பெற்றோர் இல்லை. 2001-லிருந்து ஆபரேஷன் மைக்ரேஷன் என்ற அமைப்பு விஸ்கான்சினின் நெசீடாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு, 1,900 கிலோமீட்டருக்கு மேல், ட்ரைக்கின் பின்னால் அவற்றைப் பறக்கவைத்துக் கூட்டிப்போனது. விமானி மனிதனாகத் தெரியாதபடி வெள்ளை அங்கி போட்டுக்கொள்வார், பேச மாட்டார். குஞ்சுகள் வர்ஜீனியாவுக்குப் பக்கத்தில், மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ஆய்வு மையத்தில் முட்டைக்குள் இருக்கும்போதே எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பழகும். பறக்கும்போது இறக்கை நுனியிலிருந்து கிளம்பும் காற்றில் ஏறிக்கொண்டு சிரமமில்லாமல் வரும். பெரிய விமானம் எதுவும் அந்த வேகத்தில் மிதக்க முடியாது. அந்த முயற்சி 2015-ஆம் ஆண்டின் வலசையோடு நிறுத்தப்பட்டது. வளர்ப்புப் பறவைகள் குஞ்சுகளைச் சரியாக வளர்க்கவில்லை என்பது காரணங்களில் ஒன்று. ஆனால் அவை தெற்குக்கு வழியைக் கற்றுக்கொண்டன, அடுத்த வசந்தத்தில் யாரும் காட்டாமலே வடக்கே திரும்பின.

குளிர்காலத்தில் பறப்பது குறைவு, வேலை அதிகம். பாய்க்குள் வரிசையாகச் செருகும் வளைந்த அலுமினியக் குச்சிகள் உண்டு, பேட்டன் என்பார்கள். ஒவ்வொன்றையும் உருவி, தரையில் விரித்த வரைபடத்தின் மேல் வைத்து வளைவு சரியா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஒன்று வலப்பக்கத்தைவிடச் சற்று நிமிர்ந்திருந்தால் விமானம் எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். டேக்ரானின் எதிரி வெயில். மேலுக்குப் புதிதுபோல் இருக்கும், நூல் செத்திருக்கும். அதைச் சோதிக்க ஒரு சின்ன ஸ்பிரிங் தராசு இருக்கிறது: பாயில் ஊசியைக் குத்திக் குறித்த அளவுக்கு இழுக்க வேண்டும், துணி கிழியாமல் தாங்கினால் அந்தப் பருவத்துக்குப் பறக்கலாம். இறக்கையின் மேற்புறத்தை, அதுவும் வெயில் நேராக விழும் நடுப்பகுதியைச் சோதிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எஞ்சினை மாற்றலாம், பாயை முதலில் பாருங்கள்.

ஹெர்ன்டன் நண்பர் இந்த வசந்தத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இரட்டை இருக்கை ட்ரைக்கில், விடிகாலையில், காற்று அசையாத நேரத்தில் போங்கள். அதிகம் விசாரித்துப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுங்கள், விலையை வைத்து வேண்டாம். முதல் நாளே ஓடுபாதைக்கு நேர் மேலே, நல்ல உயரத்தில், எஞ்சினை அணைத்து இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.